கலிஃபோர்னியா நோட்டரி தேர்வு: தெரிந்ததை மறப்பதுதான் பாதிப் படிப்பு

கோர்ட் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் நோட்டரி வக்கீலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, சீல் குத்துவதற்கு ஒரு பரீட்சையா என்று தோன்றும். இந்தத் தேர்வில் சறுக்க வைப்பது அந்த நினைப்புதான். கேள்வி கலிஃபோர்னியாவைக் கேட்கும், விடை ஊர் வழக்கத்திலிருந்து வரும்.

இந்தியாவில் 1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின்கீழ், பொதுவாகப் பத்தாண்டு வழக்கறிஞராக இருந்தவருக்குத்தான் நோட்டரி பதவி. இலங்கையில் நொத்தாரிசு என்பவர் காணி உறுதியையே எழுதிக் கொடுப்பவர். கலிஃபோர்னியா நோட்டரிக்குச் சட்டப் படிப்பு வேண்டாம். 18 வயது நிரம்பி, மாநிலத்தில் சட்டப்படி வசிப்பவராக இருந்தால் போதும், குடியுரிமைகூடத் தேவையில்லை. அதற்கேற்ப அதிகாரமும் குறுகியது. எதிரில் நிற்பவர் தான் யாரென்று சொல்கிறாரோ அவரேதானா என்று பார்ப்பதும், அவர் ஒப்புக்கொண்டதையோ சத்தியம் செய்ததையோ எழுத்தில் பதிவதும்தான் அவர் வேலை. பத்திரத்தில் எழுதியிருப்பது உண்மையா, செல்லுமா, நியாயமா என்பதற்கு அவர் பொறுப்பில்லை. 2015 ஜனவரி 1 முதல் சான்றிதழின் தலையில் ஒரு கட்டம் கட்டி இதையே அச்சிட வேண்டும் என்று விதி. அந்தக் கட்டத்தை மனதில் பதித்துக்கொண்டால் தேர்வில் கணிசமான கேள்விகளுக்கு விடை தானாக வரும்.

முதலில் நடைமுறை. புதிதாக விண்ணப்பிப்பவர் மாநிலச் செயலாளர் அலுவலகம் அங்கீகரித்த ஆறு மணி நேர வகுப்பை முடிக்க வேண்டும். 2005 ஜூலை முதல் இது கட்டாயம். நேரிலும் படிக்கலாம், ஆன்லைனிலும் படிக்கலாம். ஏற்கெனவே நோட்டரியாக இருப்பவர் புதுப்பிக்க மூன்று மணி நேர வகுப்பு போதும், ஆனால் பழைய பதவிக்காலம் ஒரு நாள் தாண்டிவிட்டாலும் மறுபடி ஆறு மணி நேரம்தான். பதவிக்காலம் நான்கு ஆண்டு. புதுப்பிப்பவர்கள் ஆறு மாதம் முன்பே தேர்வை எழுதிவிடுவது நல்லது. அலுவலக வேகத்தை நம்பிக் கடைசி மாதத்தில் ஓடினால் இடையில் சீல் இல்லாத நாட்கள் வந்துசேரும்.

தேர்வு 45 கேள்விகள், ஒரு மணி நேரம், கொள்குறி வகை. கேள்விக்கு 80 வினாடி. தேர்ச்சிக்கு 70 மதிப்பெண். நேரம் போதவில்லை என்ற பிரச்சினை அனேகமாக வராது. அவசரப்பட்டு 'மட்டும்', 'கட்டாயம்', 'அல்லாமல்' போன்ற சொற்களைத் தவறவிடுவதே பிரச்சினை. கட்டணம் 40 டாலர்: தேர்வுக்கு 20, விண்ணப்பத்துக்கு 20. தோற்றவர் மறுபடி எழுத 20 டாலர் போதும். ஆனால் ஒரே காலண்டர் மாதத்தில் இரண்டு முறை எழுதக்கூடாது. மாதக் கடைசியில் எழுதித் தோற்றவர் அடுத்த வாரமே உட்காரலாம். மூன்றாம் தேதி எழுதித் தோற்றவர் மாதம் முழுக்கக் காத்திருக்க வேண்டும்.

படிக்க வேண்டிய நூல் ஒன்றே ஒன்று: மாநிலச் செயலாளர் அலுவலகம் இலவசமாக வெளியிடும் நோட்டரி கையேடு. கேள்விகள் அதிலிருந்துதான் வருகின்றன. வகுப்பு நடத்துபவர்கள் தரும் சுருக்கக் குறிப்புகளை மட்டும் நம்புவது, கோனார் உரையைப் படித்துவிட்டுப் பாடப்புத்தகத்தைத் திறக்காமல் போவது மாதிரி. கையேட்டின் முன்பகுதி எளிய விளக்கம், பின்பகுதி சட்டப் பிரிவுகள். முன்பகுதியை மூன்று தடவை படியுங்கள். முதல் தடவை கதை மாதிரி ஓட்டமாக. இரண்டாம் தடவை எண்கள், நாட்கள், டாலர்கள், விதிவிலக்குகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு. மூன்றாம் தடவை தலைப்பை மட்டும் பார்த்து, புத்தகத்தை மூடி, விதியை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து. வகுப்பு போக பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் தாராளம். வகுப்பு முடிந்து இரண்டு வாரத்துக்குள் தேர்வுத் தேதி கிடைத்தால் விடாதீர்கள்.

இணையத்தில் கிடைக்கும் பழைய பயிற்சி வினாக்களிடம் எச்சரிக்கை தேவை. ஒரு கையெழுத்துக்கு 10 டாலர் என்று விடை போட்டிருந்தால் அது 2017-க்கு முந்தையது, இப்போது 15. நோட்டரிக்குக் கையெழுத்திடுபவரை நேரில் தெரியும், அதுவே போதும் என்று இருந்தால் அது 2008-க்கு முந்தையது. இருபது வருட நண்பரானாலும், உடன்பிறந்த அண்ணனே ஆனாலும், அடையாள அட்டையோ சட்டம் சொல்லும் சாட்சியோ இல்லாமல் முடியாது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் அமெரிக்கக் குடிவரவு முத்திரை இருக்க வேண்டும் என்று இருந்தால் அதுவும் 2017-க்கு முந்தையது. இந்த மூன்றையும் உரைகல்லாக வைத்துக்கொண்டு, ஒன்று பிசகினாலும் அந்தத் தொகுப்பையே தூக்கிப் போடுங்கள்.

ஒரே பத்திரத்தில் முழுப் பாடம்

விதிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட ஒரு நிகழ்வை வைத்துப் படித்தால் நன்றாக நிற்கும். தமிழர்கள் அடிக்கடி சந்திக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து ஃப்ரீமாண்டுக்கு வந்திருக்கும் அம்மா, ஊரில் உள்ள வீட்டை விற்க மகனுக்கு பவர் எழுதித் தருகிறார். பத்திரம் தமிழில் இருக்கிறது. நோட்டரியிடம் வருகிறார்கள்.

முதல் கேள்வி, என்ன வகைச் சான்று? அக்னாலெட்ஜ்மென்ட், ஜூராட் இரண்டும்தான் தேர்வின் முதுகெலும்பு. அக்னாலெட்ஜ்மென்ட் என்றால், இந்தக் கையெழுத்து நான் போட்டதுதான் என்று நோட்டரி முன் வந்து ஒப்புக்கொள்வது. கையெழுத்தை முன்னாடியே வீட்டில் போட்டுக்கொண்டு வந்தாலும் தவறில்லை. ஆள் நேரில் வந்தால் போதும். ஜூராட்டில் அப்படி இல்லை. நோட்டரியின் கண்முன் கையெழுத்திட வேண்டும், அதற்கு மேல் எழுதியது உண்மை என்று சத்தியமோ உறுதிமொழியோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே கையெழுத்திட்ட தாளோடு ஜூராட்டுக்கு வந்தால் நோட்டரி முன் மறுபடி கையெழுத்திடச் சொல்ல வேண்டும். இரண்டுக்குமே அடையாளச் சரிபார்ப்பு உண்டு. ஜூராட்டுக்கு அடையாள அட்டை வேண்டாம் என்ற விடை எப்போதும் தவறு.

அம்மாவின் பத்திரத்தில் சான்று வாசகமே இல்லை. இரண்டில் எது வேண்டும் என்று நோட்டரியைக் கேட்கிறார்கள். இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் காலை வாரும். நமக்கு நோட்டரி என்றால் வக்கீல். அவர்தானே சொல்ல வேண்டும்! கலிஃபோர்னியாவில் சொல்லக்கூடாது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கலாம். தேர்ந்தெடுக்க வேண்டியது கையெழுத்திடுபவர், அல்லது பத்திரத்தைக் கேட்ட அலுவலகம், அல்லது அவர்களுடைய வக்கீல். 'இதற்கு இதுதான் போதும்' என்று நோட்டரி சொன்னால் அது அனுமதியில்லாமல் வழக்கறிஞர் தொழில் செய்வது. பத்திரத்தை எழுதித் தருவது, வாசகத்தைத் திருத்துவது, இது செல்லும் செல்லாது என்பது எல்லாம் இதே வேலிக்கு அப்பால்தான். 'உதவி மனப்பான்மையோடு' ஆலோசனை தரும் விடை ஒன்று நான்கில் ஒன்றாக இனிமையாகக் காத்திருக்கும். அதைத் தொடாதீர்கள்.

சீலும் கையெழுத்தும் மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டால் போதுமே என்பார்கள். போதாது. சான்று வாசகம் இல்லாத சீல் வெறும் மை. அக்னாலெட்ஜ்மென்ட் வாசகம் சட்டத்தில் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும், ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற வரியும் இருக்க வேண்டும். பத்திரத்தில் இடம் இல்லையென்றால் தனித்தாளில் எழுதி இணைக்கலாம். கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பெயர் இருக்கும் இடத்தில் எழுத வேண்டியது, அம்மா நோட்டரி முன் நின்ற கவுண்டி. நோட்டரி கொடுக்கும் பாண்ட் என்னும் ஈட்டுறுதிப் பத்திரம் சாந்தா கிளாராவில் பதிவாகியிருந்தாலும் ஃப்ரீமாண்டில் கையெழுத்து என்றால் அலமீடா கவுண்டி. நோட்டரியின் அதிகாரம் மாநிலம் முழுவதும் செல்லும். தேதியும் அப்படித்தான்: பத்திரத்தில் என்ன தேதி இருந்தாலும், அவர் நேரில் வந்த நாள்தான் சான்றில் வர வேண்டும். பின்தேதி, முன்தேதி எதுவும் கிடையாது.

பத்திரம் தமிழில் இருப்பது தடையில்லை. நோட்டரி சரிபார்ப்பது கையெழுத்தை, உள்ளடக்கத்தை அல்ல. ஆனால் பூர்த்தியாகாத பத்திரமாகத் தெரிந்தால் செய்யக்கூடாது. கோடிட்ட இடங்கள் காலியாக இருப்பது எந்த மொழியிலும் தெரியும். இதைவிட முக்கியம், நோட்டரிக்கும் கையெழுத்திடுபவருக்கும் நேரடியாகப் பேச ஒரு பொது மொழி வேண்டும். அம்மாவுக்குத் தமிழ் மட்டும் தெரியும், நோட்டரிக்குத் தமிழ் தெரியாது, மகன் மொழிபெயர்க்கிறேன் என்கிறார் என்றால் கூடாது. பத்திரத்தால் அதிகாரம் பெறப்போகிற மகனே மொழிபெயர்ப்பாளராக நின்றால் என்ன ஆகும் என்று யோசித்தால் விதியின் காரணம் விளங்கும். தமிழ் பேசும் நோட்டரிக்கு இங்கே தேவை இருப்பதும் இதனால்தான்.

அடையாள அட்டை

சட்டம் இரண்டு பட்டியல் வைத்திருக்கிறது. முதல் பட்டியலில் கலிஃபோர்னியா வாகனத் துறை தரும் ஓட்டுநர் உரிமம் அல்லது அடையாள அட்டை, அமெரிக்க பாஸ்போர்ட், சிறையில் இருப்பவருக்கு மட்டும் செல்லும் கைதி அட்டை. இரண்டாம் பட்டியலில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட், தூதரக அடையாள ஆவணம், பிற மாநில உரிமம், கனடா மெக்சிகோ ஓட்டுநர் உரிமம், ராணுவ அட்டை, கலிஃபோர்னியா அரசு ஊழியர் அட்டை, பழங்குடி அரசு தரும் அட்டை முதலியவை. இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றுக்கு கூடுதல் நிபந்தனை: புகைப்படம், ஆளைப் பற்றிய விவரிப்பு, கையெழுத்து, அடையாள எண் நான்கும் இருக்க வேண்டும். ராணுவ அட்டை பட்டியலில் இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவர்கள் இந்த நான்கில்தான் மாட்டுவார்கள்.

எந்த அட்டையானாலும் நடப்பில் இருக்க வேண்டும், அல்லது ஐந்தாண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். 'அல்லது' என்ற சொல்லின் மேல் விரலை வையுங்கள். நாலு வருடத்துக்கு முன் வழங்கி நேற்று காலாவதியான கலிஃபோர்னியா உரிமம் செல்லும். எட்டு வருடத்துக்கு முன் வழங்கி இன்னும் நடப்பில் உள்ள பாஸ்போர்ட்டும் செல்லும்.

பட்டியலில் இல்லாதவைதான் நமக்கு அதிர்ச்சி. கிரீன் கார்டு இல்லை. சமூகப் பாதுகாப்பு அட்டை இல்லை. இந்திய ஓட்டுநர் உரிமம் இல்லை. மத்திய அரசு தந்த கிரீன் கார்டைவிட வலுவான சான்று உண்டா என்று வாதம் செய்யலாம். தேர்வில் வாதத்துக்கு மதிப்பெண் கிடையாது.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்குத் தனிச் சிக்கல். பத்திரத்தில் 'எம். லட்சுமி', பாஸ்போர்ட்டில் தந்தை பெயரோ கணவர் பெயரோ விரித்து எழுதி முன்னும் பின்னுமாக. நோட்டரிகள் நடைமுறையில் கடைப்பிடிக்கும் அளவுகோல், அட்டையில் உள்ள பெயர் பத்திரத்துப் பெயரைவிட விரிவாக இருக்கலாம், குறைவாக இருக்கக்கூடாது என்பது. பத்திரம் எழுதும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதிவிட்டால் வேலை மிச்சம்.

அட்டையே இல்லாதவருக்கு நம்பத்தகுந்த சாட்சி என்ற வழி உண்டு. நோட்டரிக்கு நேரில் தெரிந்த சாட்சி என்றால் ஒருவர் போதும். தெரியாதவர்கள் என்றால் இருவர் வேண்டும். சாட்சிகள் தங்கள் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், சத்தியம் செய்ய வேண்டும். இருவர் என்றால் ஜர்னல் என்னும் நோட்டரியின் பதிவேட்டில் கையெழுத்திடவும் வேண்டும்; ஒருவர் என்றால் அவர் கையெழுத்தோ அவர் அட்டையின் விவரமோ அதில் இருக்க வேண்டும். அந்தச் சத்தியத்தில் ஐந்து விஷயம்: இவர்தான் பத்திரத்தில் உள்ளவர், எனக்கு இவரை நேரில் தெரியும், இவருக்கு வேறு அடையாளம் பெறுவது மிகக் கடினம் அல்லது முடியாதது என்று நம்புகிறேன், இவரிடம் சட்டம் ஏற்கும் அட்டை எதுவும் இல்லை, எனக்கு இதில் பண லாபமும் இல்லை பத்திரத்தில் என் பெயரும் இல்லை. இந்த ஐந்தில் ஒன்றை உடைத்துத்தான் கேள்வி செய்வார்கள். உரிமத்தை வீட்டில் மறந்துவிட்டு வந்தவருக்குச் சாட்சி வைக்கலாமா? கூடாது, அவரிடம் அட்டை இருக்கிறது, கையில் இல்லை, அவ்வளவுதான். பவரில் பெயர் உள்ள மகன் சாட்சியாகலாமா? கூடாது.

ஜர்னலும் கைநாட்டும்

ஒவ்வொரு செயலையும் அந்த நேரத்திலேயே ஜர்னலில் எழுத வேண்டும்: தேதி, நேரம், செயலின் வகை, பத்திரத்தின் தன்மை, கையெழுத்து, எப்படி அடையாளம் கண்டோம், எவ்வளவு வாங்கினோம். இலவசமாகச் செய்தாலும் கட்டண இடத்தை வெறுமையாக விடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஜர்னல்தான் நடப்பில் இருக்கலாம். வீட்டுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று என்று வைப்பது விதிமீறல். பூட்டிய இடத்தில், நோட்டரியின் நேரடிக் கட்டுப்பாட்டில் மட்டும் இருக்க வேண்டும். கம்பெனி பணம் கட்டி வாங்கிக் கொடுத்திருந்தாலும் ஜர்னலும் சீலும் நோட்டரியுடையவை; வேலையை விட்டால் கையோடு எடுத்துப் போகலாம், மேனேஜர் மேசையில் விட்டுவிட்டு வருவதுதான் குற்றம்.

பெருவிரல் ரேகை எப்போது? சொத்துப் பத்திரம், விடுதலைப் பத்திரம், அடமானத்துக்கான டிரஸ்ட் பத்திரம், அசையாச் சொத்தைத் தொடும் வேறு ஆவணங்கள், எந்த வகை பவராக இருந்தாலும் பவர். நம் அம்மா கட்டாயம் வைக்க வேண்டும், பத்திரத்தில் அல்ல, ஜர்னலில். வலது பெருவிரல்; அது இல்லையென்றால் இடது; அதுவும் இல்லையென்றால் கிடைக்கும் விரல், எது என்று குறிப்போடு. கடன் அடைந்த பிறகு சொத்தைத் திருப்பித் தரும் ரீகன்வேயன்ஸ் பத்திரத்துக்கும், ஏலத்தால் வரும் டிரஸ்டீ பத்திரத்துக்கும் ரேகை வேண்டாம். இந்த விதிவிலக்குகள் கேள்வித்தாளுக்குப் பிடித்தமானவை. 'நான் என்ன கைநாட்டா?' என்று படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். இது எழுதத் தெரியாதவருக்கான கைநாட்டு இல்லை, மோசடியைத் தடுக்கும் பதிவு என்று சொல்லிவிட்டு மைப்பெட்டியை நீட்ட வேண்டியதுதான். ரேகை வாங்காமல் விட்டால் 2,500 டாலர் வரை அபராதம்.

எழுத முடியாதவருக்கான விதி தனி. அவர் ஒரு குறி இடுவார், பெருக்கல் குறிதான் வழக்கம். பத்திரத்தில் அதற்கு இரண்டு சாட்சி. ஒருவர் குறிக்குப் பக்கத்தில் குறி இட்டவரின் பெயரை எழுதிச் சாட்சிக் கையெழுத்து இடுவார். ஜர்னலில் இடும் குறிக்கு ஒரு சாட்சி போதும். பத்திரத்தில் இரண்டு, ஜர்னலில் ஒன்று. குறி இடுபவருக்கும் அடையாள அட்டை வேண்டும். அந்தச் சாட்சிகள் அவரை அடையாளம் காட்ட வந்தவர்கள் இல்லை.

வர முடியாதவர்

அம்மா மதுரையிலேயே இருக்கிறார், கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார், வீடியோ காலில் காட்டுகிறோம் என்றால்? கூடாது. தொலைவிலிருந்து ஆன்லைனில் சான்றளிக்க வழிவகுக்கும் சட்டம் 2023-இல் கலிஃபோர்னியாவில் நிறைவேறியது. ஆனால் அதற்கான கணினி ஏற்பாட்டுக்கு 2030 ஜனவரி 1 வரை அவகாசம் தந்திருக்கிறது. அது நடைமுறைக்கு வரும்வரை நேரில் வந்தால்தான் உண்டு.

நேரில் வராதவருக்காக, அவர் கையெழுத்திட்டதைப் பார்த்த ஒருவர் வந்து சத்தியம் செய்யும் முறை ஒன்று இருக்கிறது. கையேட்டிலேயே குழப்பமான பகுதி இதுதான். நிறைவேற்றத்துக்கான நிரூபணம் என்று வைத்துக்கொள்ளலாம். வந்த சாட்சியை அடையாளம் காட்ட, நோட்டரிக்கும் அந்தச் சாட்சிக்கும் நேரில் தெரிந்த மூன்றாமவர் ஒருவர் அடையாள அட்டையோடு வர வேண்டும். ஆனால் பவர், கிரயப் பத்திரம், விடுதலைப் பத்திரம், அடமானம், ரேகை தேவைப்படும் எந்தப் பத்திரத்துக்கும் இந்த முறை செல்லாது. ஆகவே அம்மாவின் பவருக்கு இதுவும் அடைபட்ட கதவு. முறையைவிட அது செல்லாத இடங்களை நன்றாகப் படியுங்கள்.

நகல் சான்று

ஊரில் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட் முதல் எல்லாவற்றுக்கும் அட்டெஸ்டேஷன் வாங்கிப் பழகியவர்கள் பிறப்புச் சான்றிதழ் நகலோடு வருவார்கள். கலிஃபோர்னியா நோட்டரி உண்மை நகல் என்று சான்றளிக்கக்கூடியது பவர் பத்திரத்தின் நகலுக்கு மட்டும். சட்டப்படி கேட்கப்படும்போது தன் ஜர்னல் பதிவின் நகலையும் தரலாம். பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றிதழ்களின் நகல் வழங்குவது அவற்றைப் பதிவு செய்த அலுவலகத்தின் வேலை. பாஸ்போர்ட் நகலுக்கு, இது என் பாஸ்போர்ட்டின் சரியான நகல் என்று அதன் உரிமையாளரே எழுதிய அறிக்கைக்கு ஜூராட் செய்யலாம். அங்கே சான்று சொல்வது அவர்; நோட்டரி அவர் சத்தியத்தை மட்டும் பதிகிறார். இந்தியாவுக்குப் போகும் ஆவணமென்றால் அடுத்த படி அப்போஸ்டில், அதாவது ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்காக அரசு இணைத்துத் தரும் சான்று. இந்தியா 2005-இல் அதற்கான சர்வதேச ஒப்பந்தத்துக்குள் வந்தது. கலிஃபோர்னியாவில் அதைத் தருவது மாநிலச் செயலாளர் அலுவலகம், நோட்டரி தருவதில்லை.

தமிழில் விளம்பரம் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: வழக்கறிஞரல்லாத நோட்டரி ஆங்கிலமல்லாத மொழியில் விளம்பரம் செய்தால், நான் வழக்கறிஞர் அல்ல, குடிவரவு உள்ளிட்ட சட்ட விஷயங்களில் ஆலோசனை சொல்ல எனக்கு அதிகாரமில்லை என்ற அறிவிப்பையும் கட்டண விவரத்தையும் ஆங்கிலத்திலும் அந்த மொழியிலும் போட வேண்டும். ஸ்பானிஷில் 'நோட்டாரியோ பூப்ளிகோ' என்று போட்டுக்கொள்வது அறவே தடை, ஏனென்றால் லத்தீன் அமெரிக்காவில் அது வக்கீலைக் குறிக்கும். முதல் தடவைக்கு ஓராண்டுக்குக் குறையாத இடைநீக்கம் அல்லது பதவி நீக்கம், அடுத்த தடவை பதவியே நிரந்தரமாகப் போகும். நம் ஊர் நோட்டரியைப் பற்றிய மயக்கமும் ஏறக்குறைய அதேதான்.

எண்கள் தாள்

டாலரில் தொடங்குங்கள். அக்னாலெட்ஜ்மென்ட் ஒரு கையெழுத்துக்கு 15. கணக்கு கையெழுத்துக்குத்தான், பத்திரத்துக்கு அல்ல. கணவன் மனைவி இருவரும் ஒரே பத்திரத்தில் என்றால் 30 வரை. ஜூராட் 15, சத்தியம் செய்விப்பதும் அதில் அடக்கம். பவர் நகல் சான்று 15. வாக்குமூலம் எடுக்க 30, சாட்சிக்குச் சத்தியம் 7, சான்றிதழ் 7, ஆக 44. ஜர்னல் பதிவு நகல் பக்கத்துக்கு 30 சென்ட். அஞ்சல் வாக்குச்சீட்டு உறைக்கும், படைவீரர் சலுகை விண்ணப்பத்துக்கும் ஒரு சென்ட்கூட வாங்கக்கூடாது. இவை உச்சவரம்பு; குறைத்து வாங்கலாம்.

நாட்களில் 30-தான் ராஜா. முகவரி மாற்றம், பெயர் மாற்றம் இரண்டையும் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பதவி முடிந்தால் ஜர்னல்களை கவுண்டி கிளார்க்கிடம் ஒப்படைக்கவும் 30. பொதுமக்கள் ஒரு பதிவின் நகலை எழுத்தில் கேட்டால் 15 வேலை நாள். அந்தக் கடிதத்தில் ஆட்களின் பெயர், பத்திர வகை, மாதம், ஆண்டு இருக்க வேண்டும். காவல்துறை ஜர்னலைக் கைப்பற்றினால் 10 நாளுக்குள் மாநிலச் செயலாளருக்குத் தகவல். ஜர்னலோ சீலோ தொலைந்தால் உடனே. விடைகளில் 'உடனே', '10 நாள்', '30 நாள்' மூன்றையும் வரிசையாகப் போட்டு ஆழம் பார்ப்பார்கள்.

அபராதங்களில் படிக்கட்டைப் பாருங்கள்: கவனக்குறைவாகக் கடமை தவறினால் 750 வரை, வேண்டுமென்றே என்றால் 1,500 வரை, ரேகை வாங்காவிட்டால் 2,500 வரை, சரியான அடையாளச் சான்று வாங்காமல் அக்னாலெட்ஜ்மென்ட் செய்தாலோ அதில் பொய் என்று தெரிந்தே எழுதினாலோ 10,000 வரை. அடையாளம்தான் இந்தப் பதவியின் உயிர் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

தேர்வு நாளும் அதற்குப் பிறகும்

பதிவு உறுதிக் கடிதம், நடப்பில் உள்ள புகைப்பட அடையாள அட்டை, வகுப்பு முடித்த சான்றிதழ், பூர்த்தி செய்த விண்ணப்பம், இரண்டுக்கு இரண்டு அங்குல வண்ணப் புகைப்படம், கடிதத்தில் சொன்னபடி கட்டணம். முந்தின இரவே ஒரு உறையில் போட்டு வையுங்கள். தாமதமாக வருபவரை உள்ளே விடுவதில்லை. விண்ணப்பத்தில் குற்றப் பின்னணி குறித்த கேள்விக்கு எதையும் மறைக்காதீர்கள். பின்னால் தள்ளுபடியான பழைய தண்டனையையும் சொல்ல வேண்டும். சின்ன விஷயத்தைச் சொன்னதால் வரும் சங்கடத்தைவிட மறைத்ததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது பெரிது.

தேறியதும் லைவ் ஸ்கேன் என்னும் கைரேகைப் பதிவு. வேறு வேலைக்காக முன்பு கொடுத்த ரேகை இதற்குச் செல்லாது, நோட்டரிக்கான படிவத்தோடு புதிதாகக் கொடுக்க வேண்டும். தேர்வு முடிவு ஓராண்டுதான் செல்லும். தேறிவிட்டோம் என்று ரேகையைத் தள்ளிப்போட்டவர் மறுபடி பரீட்சை எழுத வேண்டி வரும்.

நியமன உறை வீட்டுக்கு வந்தவுடன் பாருங்கள்: அதில் நியமனத் தொடக்கத் தேதி இருக்கும். அந்தத் தேதியிலிருந்து 30 காலண்டர் நாளுக்குள், 15,000 டாலர் பாண்டையும் பதவிப் பிரமாணத்தையும் தொழில் நடத்தும் கவுண்டியின் கிளார்க்கிடம் பதிவு செய்ய வேண்டும். உறை கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. வெளியூரில் இருந்தேன், தபால் தாமதம் என்ற காரணம் எதுவும் எடுபடாது. 31-ஆம் நாள் நியமனம் செல்லாததாகிவிடும், மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். அதனால் பாண்டை முன்கூட்டியே விலை விசாரித்து வையுங்கள். பாண்ட் என்பது பொதுமக்களுக்கான காப்பு, நோட்டரிக்கானது அல்ல. நிறுவனம் யாருக்காவது இழப்பீடு கட்டினால் அதை நோட்டரியிடமே திரும்ப வசூலிக்கும். தன்னைக் காத்துக்கொள்ள விரும்புபவர் தொழில் தவறுகளுக்கான காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும்.

சீலை நினைத்த கடையில் செய்ய முடியாது. உறையில் வரும் அனுமதிச் சான்றைக் காட்டி, அங்கீகரிக்கப்பட்ட தயாரிப்பாளரிடம்தான் செய்ய வேண்டும். வட்டமென்றால் விட்டம் 2 அங்குலத்துக்கு மேல் கூடாது, செவ்வகமென்றால் 1-க்கு 2½ அங்குலம், ஓரத்தில் பற்கள் போன்ற வரம்பு. பெயர், கவுண்டி, நியமன எண், காலாவதித் தேதி, தயாரிப்பாளர் எண் எல்லாம் சரியா என்று உறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு வெள்ளைத்தாளில் ஐந்தாறு தடவை குத்தி, ஜெராக்ஸ் எடுத்து, ஓரப் பற்களும் தேதியும் தெளிவாக விழுகிறதா என்று பாருங்கள். நகலெடுத்தால் தெளிவாக விழ வேண்டும் என்பதே சட்டம். மை மங்கியோ எழுத்தின் மேலோ விழுந்த சீலைக் காட்டித்தான் பத்திரப் பதிவு அலுவலகங்கள் ஆவணத்தைத் திருப்பி அனுப்பும், அப்போது அம்மா மதுரைக்குத் திரும்பியிருப்பார்.